மாறிப்போன ஓட்டு

– நெசமாச் சொல்லு ராசாத்தி. தராசுச் சின்னத்துலதான் குத்துனியா?

– மூணாந்தடவ கேக்கறீங்க. தராசுலதானுங்க குத்துனேன். வாழவந்தி பஸ்ஸு வாரவரைக்கும் இதயே கேட்டுட்டு இருக்கப் போறீங்களா?

– மெதுவாப் பேசு புள்ள. டீக்கடையிலிருந்து உசேன் பாய் நம்மளயேதான் பாக்கறாரு.

– அவரு பஸ்ஸு வருதான்னு பாக்கறாருங்க.

– இல்ல, அவரும் இன்னிக்கி ஒரு தினுசாத்தான் இருக்காரு. எப்பவும் "வாங்க செல்லப்பன், மேல மழையுங்களா"ன்னு கேக்கற மனுசன். டீயக் கையில குடுத்துட்டு மூஞ்சியத் திருப்பிக்கிட்டாரு. ரேடியோவயும் நிறுத்திப்புட்டாரு.

– ஏற்காடே இன்னிக்கி அப்படித்தானுங்க இருக்குது. வரிசையில அத்தன பொம்பளைங்க நின்னோம், ஒருத்தி வாயத் தொறக்கல. மை வெச்ச வெரலச் சீலைக்குள்ள மறைச்சுக்கிட்டுப் போறாங்க, என்னமோ திருட்டுக் காப்பிக்கொட்டையக் கொண்டுபோற மாதிரி.

– நீயும் உள்ள நொம்ப நேரம் நின்னியாமே.

– முத்திரக் கட்டையில மை சரியா ஒட்டலீங்க, ரெண்டு தரம் தோய்ச்சேன். நீங்க அப்ப வெளிய ஆம்பளைங்க வரிசையில நின்னீங்க. உங்களுக்கு யாரு சொன்னது?

– எஸ்டேட்டுல கணக்கெழுதற ரைட்டரு.

– அவரு வேற என்ன சொன்னாரு?

– ஓட்டுப் போட்டுட்டு வெளிய வந்தேன். ஜீப்புக்கிட்ட நின்னவரு தோள்ல கையப் போட்டு, "செல்லப்பா, உங்க ஊட்டு ஓட்டு ரெண்டுல ஒண்ணு மாறிருச்சே"ன்னாரு. தராசுக்குத்தான் போடுவோம்னு மொதலாளி பங்களா வாசல்ல கற்பூரம் அணைச்சு சத்தியம் பண்ணியிருக்குது எஸ்டேட்டு குடுத்த நம்ம லயன் ஊடுக பூராவும். போன எலெக்சனுக்கு மறுநாளு, மாத்திக் குத்துனான்னு சித்தன் ஊட்டுச் சட்டிபானையெல்லாம் தூக்கி வெளிய வெச்சாங்களே, மறந்துட்டியா?

– மறக்கலீங்க. அதுக்குப் பயந்துதான் நான் தராசுல குத்துனேன்.

– கொழந்த மேல ஆணையா?

– கொழந்தைய எதுக்குங்க இழுக்கறீங்க? சரி, வள்ளி மேல ஆணை. போதுங்களா? ஏனுங்க, உங்க மூஞ்சி ஏன் இப்படிச் செத்துப்போச்சு?

– ஒண்ணுமில்ல.

– நீங்க சொன்னபடி குத்தியிருக்கேன்னா சந்தோசமல்லோ படணும். ஆமா, நீங்க எதுல குத்துனீங்க?

– பஸ்ஸு சத்தம் கேக்குதா பாரு.

– பஸ்ஸு கெடக்கட்டும். எம்மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க.

– கூடையில.

– அட சாமி.

– தராசுகிட்டத்தான் கட்டையக் கொண்டுபோனேன். உங்கம்மா ஊட்டுல நீ வள்ளிக்கு நோவு கண்டு கெடந்தியே, செம்மநத்தத்துலிருந்து கம்பளியில தூளி கட்டித் தூக்கியாந்தமே, அந்த நெனப்பு வந்துருச்சு. ஜீப்பு வாரதுக்கு ரோடு போடறேன்னவன் கூடைக்காரன் ஒருத்தன்தான். கை தானா அக்கட்டால போயிருச்சு.

– எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா நானும் அதுலயே குத்தியிருப்பேனுங்க.

– இப்ப அந்தாளுக்குத் தெரிஞ்சுபோச்சே.

– அவருக்கு ஒரு மண்ணும் தெரியாதுங்க. எங்கிட்டயும் அதேதான் சொன்னாரு, "உங்க ஊட்டு ஓட்டுல ஒண்ணு மாறிருச்சே"ன்னு. அப்ப நீங்க பள்ளிக்கூடத்துக்குள்ள காலே வெக்கல. கண்ணாயிகிட்டயும் சொன்னாரு, அத்தாயிகிட்டயும் சொன்னாரு. லயன்ல இருக்கற எல்லார்த்துக்கிட்டயும் தூண்டி போட்டுப் பாக்கறாரு, யாராச்சும் பயந்து உளறுவாங்களான்னு.

– எல்லார்த்துக்கிட்டயுமா? நெசமாவா?

– நெசமாத்தானுங்க. சிரிச்சுட்டே வந்துட்டேன் நானு. சீட்டுல நம்ம பேரா எழுதியிருக்குது? மடிச்சுப் பொட்டியில போட்டாச்சு, பொட்டிகிட்ட உக்காந்திருந்த வாத்தியாரு பாத்துட்டுத்தான் இருந்தாரு. இனி நம்ம ரெண்டு பேரும் வாயத் தொறக்காம இருந்தாப் போதும். ஊடும் போகாது, ஒண்ணும் போகாது. எந்திரிங்க, பஸ்ஸு வருது.

– ராசாத்தி.

– சொல்லுங்க.

– மாத்திக் குத்துனது நீதான்னு ரைட்டருகிட்டச் சொல்லிப்புட்டேன்.