மூன்று நகல்கள்

உங்கள் அலுவலகத்தின் மீது எனக்கு எந்தக் குறையும் இல்லை. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். மின்விசிறிக்குக் கீழே உட்கார வைத்தீர்கள். குடிக்கத் தண்ணீர் கொடுத்தீர்கள். நான் பேசும்போது குறுக்கே யாரும் பேசாத ஒரே இடம் அதுதான்.

நுகர்வோர் பாதுகாப்பு அலுவலகத்தின் சேவை திருப்தியா என்று கேட்டு நேற்று ஒரு படிவம் வந்தது. நான் புகார் கொடுத்துப் பதினொரு மாதம் ஆகிறது. பரவாயில்லை. திருப்தி என்ற கட்டத்தில் டிக் அடித்துவிட்டேன். கீழே 'பிற கருத்துகள்' என்று நான்கு கோடு போட்டிருக்கிறீர்கள். எனக்கு நான்கு கோடு போதாது, மேடம். அதனால் தனித்தாளில் எழுதுகிறேன்.

நான் வணிகவியல் பட்டதாரி. வாங்கிய பொருளுக்கெல்லாம் பில்லைத் தேதிவாரியாகக் கோப்பில் வைத்திருப்பேன். குடை வாங்கிய பில்கூட இருக்கிறது. குடை இல்லை. என் மனைவி எனக்கு வைத்திருந்த பெயர் புகார்ப்பெட்டி. "உங்களையே எப்பவோ திருப்பிக் குடுத்திருப்பேங்க. எங்கப்பா பில்லத் தொலைச்சிட்டாரு" என்பாள். எங்களுக்குக் கல்யாணமாகி ஒன்றரை வருடம். அந்த நகைச்சுவையை வாரம் ஒரு முறையாவது சொல்லியிருப்பாள்.

குளியலறையில் ஒரு வாட்டர் ஹீட்டர் மாட்டினோம். மூன்றாம் நாளே குழாயைத் தொட்டால் விரலில் சுருக்கென்றது. எப்போதும் இல்லை, எப்போதாவது. கடையிலிருந்து மெக்கானிக் வந்தார். காதுக்கு மேல் டெஸ்டரைப் பென்சில் மாதிரி செருகியிருப்பார். கரண்ட் கசிந்தால் அதன் பிடிக்குள் இருக்கும் சின்ன விளக்கு எரியும். அவர் வைத்துப் பார்த்தபோது எரியவில்லை. நான்கு முறை வந்தார், நான்கு முறையும் எரியவில்லை.

"நான் வந்தா மட்டும் நல்ல புள்ளையாட்டம் இருக்குது சார், என்ன பண்றது" என்றார். நான்காம் முறை கிளம்பும்போது, "படிச்சவங்க நீங்க. போன்ல எதையாவது பாத்துட்டுப் பயப்படுறீங்க" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். என் மனைவியும் சிரித்தாள்.

மறுநாள் உங்கள் எதிரில் உட்கார்ந்திருந்தேன்.

என்ன நிவாரணம் வேண்டும் என்று கேட்டீர்கள். வேறு ஹீட்டர் என்றேன். பிறகு, எழுத்துபூர்வமான மன்னிப்புக் கடிதம் என்றேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தீர்கள். "கடிதமா தம்பி?" "ஆமாம் மேடம். கையெழுத்தோட." எழுதிக்கொண்டீர்கள். அதோடு, "பொருள் மேல கையே வைக்காதீங்க. ரிப்பேர் பாத்துட்டா கேஸ் நிக்காது. எங்க ஆய்வாளர் வந்து பாக்குற வரைக்கும் எப்படி இருக்கோ அப்படியே இருக்கட்டும். அதுவரைக்கும் யாரும் அதுல குளிக்காதீங்க" என்றீர்கள். எல்லா ஆவணத்திலும் மூன்று நகல் வேண்டும் என்றும் சொன்னீர்கள். உங்கள் மேல் தப்பில்லை.

ஆய்வாளர் வர இருபத்தாறு நாள் ஆனது. அத்தனை நாளும் என் மனைவி அடுப்பில் தண்ணீர் காய்ச்சிக் குளியலறைக்குத் தூக்கிப்போனாள். ஹீட்டரின் சுவிட்சின் மேல் நான் தாள் ஒட்டி, 'சான்றுப்பொருள்' என்று எழுதி வைத்திருந்தேன். ஒருநாள் பானை சரிந்து அவள் மணிக்கட்டு வெந்துவிட்டது. "உங்க சான்றுப்பொருளுக்கு ஒண்ணும் ஆகலீங்க, நல்லாத்தான் இருக்கு" என்றாள். நான் களிம்பு வாங்கி வந்தேன். அதற்கும் பில் வாங்கினேன். வழக்கில் சேர்க்கலாம் என்று பட்டது.

ஆய்வாளர் வியாழக்கிழமை பத்து மணிக்கு வருவதாகக் கடிதம் வந்தது. புதன்கிழமை மாலை வேலை முடிந்து வந்தேன். சுவிட்சின் மேலிருந்த தாளைக் காணவில்லை. மேசையில் ஒரு பையில் பழைய காயிலும், மெக்கானிக் கையெழுத்திட்ட சர்வீஸ் சீட்டும் இருந்தன.

"நான்தாங்க அண்ணனக் கூப்பிட்டேன்" என்றாள். அவரை அவள் அண்ணன் என்றுதான் சொல்வாள். "முழுசாக் கழட்டிப் பாத்தாரு. உள்ள எர்த் வயரு அறுந்து தொட்டும் தொடாமயும் இருந்திருக்கு. அதான் சில நேரம் மட்டும் அடிச்சிருக்கு. கரண்ட் கசிஞ்ச காயிலயும் மாத்திட்டாரு. சார் சொன்னதுதான்மா சரி, நான்தான் கவனிக்கல, மன்னிச்சுக்கச் சொல்லுங்கன்னாரு. கண்ணே கலங்கிடுச்சு அவருக்கு. டீ போட்டுக் குடுத்தேன்."

"ஆய்வாளர் நாளைக்கு வர்றாரு."

"வரட்டும். சரியாயிடுச்சுன்னு சொல்லி அனுப்புங்க. ஜெயிச்சாச்சுல்ல, இன்னும் என்னவாம் புகார்ப்பெட்டிக்கு?"

நியாயமான கேள்வி. நான் கேட்டது ஏறக்குறைய எல்லாம் கிடைத்துவிட்டது. மன்னிப்பு உட்பட. ஆனால் அது வாய்மொழி. கோப்பில் வைக்க முடியாது. மேலும், அரசு அதிகாரி ஒருவர் என் வீட்டுக்கு வந்து, டெஸ்டரை வைத்து, விளக்கு எரியாததைப் பார்த்து, என்னைப் பார்ப்பார். அந்தப் பார்வையை ஏற்கெனவே நான்கு முறை பார்த்திருக்கிறேன். ஐந்தாவது முறைக்கு என்னிடம் தெம்பில்லை. மற்றவர்கள் எதற்கெல்லாமோ உயிரைக் கொடுக்கிறார்கள். நான் ஒரு சின்ன விளக்கு எரிய வேண்டும் என்று நினைத்தேன்.

வியாழன் காலை அவள் சமையலறையில் இருந்தபோது குளியலறைக்குள் போய் ஹீட்டரின் மூடியைக் கழற்றினேன். மெக்கானிக் இறுக்கியிருந்த எர்த் வயரை எடுத்துவிட்டேன். நன்றாகத்தான் இறுக்கியிருந்தார். எனக்குக் கை வலித்தது. வீட்டிலிருந்த டெஸ்டரை வைத்தேன். எரியவில்லை. எனவே இன்னொரு வயரின் உறையையும் சுரண்டிவிட்டேன். இப்போது எரிந்தது. அறுந்த வயரோடு மங்கலாக எரிந்திருக்கும். இது பளிச்சென்று எரிந்தது. மூடியை மாட்டிவிட்டுக் கையைக் கழுவினேன், சமையலறையில்.

அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பாள். ஆய்வாளர் முன்னாலும் சிரிப்பாள். அவள் குளிப்பது எப்போதும் பதினொரு மணிக்கு மேல்தான். அதற்குள் ஆய்வாளர் வந்து போயிருப்பார். கணக்குச் சரியாகத்தான் இருந்தது.

ஒன்பதே காலுக்கு சர்வீஸ் சீட்டை நகல் எடுக்க ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். புதிய ஆவணம், மூன்று நகல் வேண்டுமே. மூன்றாவது நகல் கோணலாக விழுந்தது. ஓரத்தில் மெக்கானிக்கின் கையெழுத்து பாதி வெட்டுப்பட்டிருந்தது. திரும்ப எடுக்கச் சொன்னேன். கடைக்காரர் இயந்திரத்துக்குத் தாள் போட்டு, சூடாக விட்டு, நிதானமாக எடுத்துக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்தபோது குளியலறையில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அதிகாரி வரும் வீட்டில் எண்ணெய் வழிகிற முகத்தோடு நிற்க வேண்டாம் என்று நினைத்திருப்பாள். மேசையில் உட்கார்ந்து நகல்களை வரிசையாக அடுக்கினேன். பரவாயில்லையே, சீக்கிரம் தயாராகிறாளே என்றுகூட நினைத்தேன். கோப்பின் கயிற்றைக் கட்டி முடித்தபோதுதான் தண்ணீர்ச் சத்தம் ஒரே மாதிரி விழுந்துகொண்டிருப்பது உறைத்தது. நடுவில் ஒருவர் நின்று குளித்தால் அப்படி விழாது.

மெயினை அணைத்தேன். கதவை உடைத்தேன். இந்தப் பத்தியில் இதற்கு மேல் எழுத ஒன்றுமில்லை.

ஆய்வாளர் சொன்ன நேரத்துக்கு வந்தார். போலீசுக்கும் அவரே சொன்னார். "கடைசியா இதுல ரிப்பேர் பாத்தது யாருங்க?" என்று கேட்டார். மெக்கானிக், நேற்று என்றேன். அது பொய் இல்லை. நான் செய்ததை ரிப்பேர் என்று யாரும் சொல்லமாட்டார்கள். சீட்டைக் கேட்டார். மூன்று நகல் கொடுத்தேன். இவ்வளவு ஒழுங்காக ஆவணம் வைத்திருப்பவரைப் பார்த்ததில்லை என்று பிறகு நீங்களும் சொன்னீர்கள்.

அதற்குப் பிறகு உங்கள் அலுவலகம் செய்த உதவியை மறக்க முடியாது. வக்கீல் வைத்துத் தந்தீர்கள். கூடவே வந்தீர்கள். என் தோளில் கை வைத்து, "நீங்க முதல்லயே சொன்னீங்க தம்பி, யாரும் கேக்கல" என்றீர்கள். என் வாழ்க்கையில் நான் கேட்க ஆசைப்பட்ட வாக்கியம் அது. கேட்டபோது நன்றாக இருந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன்.

மெக்கானிக்கை அன்றே கைது செய்தார்கள். கவனக்குறைவால் உயிரிழப்பு. முதல் முறை நீதிமன்ற வராந்தாவில் என்னைப் பார்த்தபோது, "சார், நான் என் கையால இறுக்குனேன் சார்" என்றார். காதுக்கு மேல் ஒன்றும் இல்லை. நான் தரையைப் பார்த்தேன். நான்கு மாதம் கழித்து, "இறுக்குனேன்னுதான் சார் நெனைக்கிறேன்" என்றார். போன மாதம் கூண்டில் நின்று நீதிபதியிடம் சொன்னார்: "ஒருவேள சரியா இறுக்காம விட்டுட்டேனோ என்னவோ ஐயா. அந்தப் புள்ள எனக்கு டீ போட்டுக் குடுத்துச்சு. அந்த நெனப்புல வயர மறந்துட்டேன் போல."

செய்யாத தப்பை ஒரு மனிதர் தன் கையாலேயே தனக்கு விலங்காகப் பூட்டிக்கொண்டார். அதை எழுத்தில் பதிவு செய்து, அவர் கையெழுத்தும் வாங்கினார்கள். அதன் நகல் எனக்கும் வந்தது. கோப்பில் வைத்திருக்கிறேன்.

ஆகவே, மேடம், என் மனைவியைக் கொன்றது நான். மெக்கானிக் இறுக்கியதை அவிழ்த்தது நான். அவர் நிரபராதி. இது எழுத்துபூர்வமானது. கீழே கையெழுத்தும் போட்டிருக்கிறேன்.

அவர் வழக்கில் நாளை, திங்கட்கிழமை, பத்து மணிக்குத் தீர்ப்பு. உங்கள் வீடு எனக்குத் தெரியும், நான்கு தெரு தள்ளித்தான். இப்போதே கொண்டுவந்து கொடுக்கலாம். ஆனால் எதையும் முறைப்படி செய்து பழகியவன் நான். மூன்று நகல் இல்லாமல் உங்கள் அலுவலகம் எதையும் வாங்காது. இன்று ஞாயிறு, ஜெராக்ஸ் கடை விடுமுறை. திங்கட்கிழமை மட்டும் பத்தரைக்குத்தான் திறப்பார்கள். முதல் ஆளாகப் போய் நிற்பேன். கோணலாக விழுந்தால் திரும்ப எடுக்கச் சொல்வேன்.