இன்னொரு தபா

எனக்குப் பிடித்த பாட்டு நாலு பேருக்குப் பிடித்துப்போனால், எனக்கு அது பிடிக்காமல் போய்விடும். இது ஒன்றும் பெரிய வியாதி இல்லை மேடம். உங்கள் ஸ்டேஷனிலேயே அப்படி ஒருவராவது இருப்பார். டீக்கடையில் ஓடுகிற பாட்டை நான் காதில் வாங்குவதில்லை. சினிமாப் பாட்டை விட்டுப் பல வருடமாகிறது. திருவொற்றியூரில் ஒரு மொட்டை மாடியில் பையன்கள் கிடாரை வைத்துக்கொண்டு தொண்டை கிழியக் கத்துவார்கள். கேட்க வருகிறவர்களில் பாதிப்பேர் அவர்கள் வீட்டு ஆட்கள். மீதியில் நான் ஒருவன். காசிமேட்டில் வலை காயப்போடுகிற இடத்தில் ராப் பாடுகிற பெண்கள் இருக்கிறார்கள். அங்கேயும் போய் நிற்பேன். எல்லாவற்றையும் போனில் பதிவு செய்து வைத்திருக்கிறேன். ஒன்றைக்கூட யாருக்கும் அனுப்பியதில்லை, நெட்டில் ஏற்றியதும் இல்லை. ஏற்றினால் ஊர்ச் சொத்தாகிவிடும்.

நீங்கள் ரஷீது கேஸைப் பற்றி மட்டும் சொல்லச் சொல்கிறீர்கள். அதற்குத்தான் வருகிறேன். பாட்டை விட்டுவிட்டு அதை மட்டும் சொன்னால் என்னை ஏதோ ரவுடி என்று நினைத்துவிடுவீர்கள்.

நான் குமாரவேல். தண்டையார்பேட்டையில் குடோன் சூப்பர்வைசர். துறைமுகத்திலிருந்து வருகிற பருப்பும் கோதுமையும் எங்களிடம்தான் தங்கும். மூட்டையில் வண்டு விழாமல் இருக்க மருந்து வைப்போம். வைத்துக் கதவைச் சாத்தி, மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகையை மாட்டிவிட்டால், அதைக் கழற்றும்வரை உள்ளே ஈ, எறும்பு போகக்கூடாது. மருந்து வைப்பதும் பலகை மாட்டுவதும் ரஷீதின் வேலை. ஐந்து வேளை தொழுகிற, யாரிடமும் குரல் உயர்த்தாத மனிதர். சாவிக்கொத்து என்னிடம் இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் காலியாக இருக்கிற குடோனை, பாடுகிற பிள்ளைகளுக்குப் பயிற்சிக்குத் திறந்துவிடுவேன். முதலாளிக்குத் தெரியாது. தகரக் கூரையும் வெறும் சுவரும் சேர்ந்து குரலுக்கு ஒரு கனம் கொடுக்கும். எந்த ஸ்டூடியோவிலும் அது வராது. சத்தம் ரோட்டுக்குப் போகாமல் இருக்க அவர்கள் கதவை உள்பக்கமாகச் சாத்திக்கொள்வார்கள். அப்படி வந்தவர்கள்தான் மகிழினியும் அவள் தம்பி அன்புமணியும். கொருக்குப்பேட்டைக்காரர்கள். அவள் கானா பாடுவாள், அவன் டோலக்கு.

மகிழினியைப் பெரும்பாலும் சாவு வீட்டுக்குத்தான் கூப்பிடுவார்கள். எங்கள் பக்கத்துச் சாவில் கானா எப்படி என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். செத்தவர் பெயரைப் போட்டு, அவர் செய்த வேலை, குடித்த கடை, போட்ட சண்டை எல்லாவற்றையும் அங்கேயே கட்டிப் பாட வேண்டும். வீட்டாரிடம் கொஞ்ச நேரம் பேசினால் போதும், அவள் ஆளையே எழுப்பி உட்கார வைத்துவிடுவாள். ஆனாலும் அது தொழில். முன்பின் தெரியாதவருக்குப் பாடுகிற பாட்டில் ஒரு ஓரம் காய்ந்துதான் இருக்கும். எனக்கு அது கேட்கும்.

அவளுடைய அப்பா வரதன் இறந்தபோது நான் போயிருந்தேன். கூட்ஸ் ஷெட்டில் மூட்டை தூக்கியவர். மதியம், பாடையைத் தூக்குவதற்குக் கொஞ்சம் முன்னால், யாரும் கேட்காமலே அவள் ஆரம்பித்தாள்.

மூட்டை தூக்கின முதுகு இது, இன்னிக்கி நாலு பேரு தூக்குறான்
மெதுவா போங்கடா மேடு பள்ளம், எங்கப்பன் தூங்குறான்

இரண்டாவது தடவை 'எங்கப்பன்' என்று வரும்போது குரல் சறுக்கியது. சுருதியை விட்டுக் கீழே விழுந்து, விழுந்த இடத்திலேயே நின்று, அங்கிருந்தே மிச்சத்தைப் பாடினாள். மேடம், நான் நிறையக் கேட்டவன். அந்த இடம் மாதிரி வேறு எங்கேயும் கேட்டதில்லை. போனைக் கையில் தூக்கிப் பிடித்திருந்தேன். பையில் வைத்தால் துணி உரசுகிற சத்தம் பதிவாகிவிடும். அன்றிலிருந்து தூங்கப் போகும்போது அதைத்தான் கேட்கிறேன். அழுகை வரும். வெட்கப்படாமல் சொல்கிறேன்.

அதற்கு அப்புறம் அவளை எங்கிருந்தோ ஒரு கம்பெனி கண்டுபிடித்தது. தனி ஆல்பம் போடுகிற கம்பெனி. கோடம்பாக்கம் பக்கம் ஸ்டூடியோவுக்குக் கூட்டிப்போனார்கள். ஒரு பாட்டு வந்தது. குரலின் சொரசொரப்பையெல்லாம் மெஷினில் போட்டு இழைத்து, மொசைக் தரை மாதிரி ஆக்கியிருந்தார்கள். லட்சக்கணக்கில் பார்த்தார்கள். காலேஜ் பையன்கள் அவள் பெயரை ஏதோ பக்கத்து வீட்டுப் பெண் மாதிரிச் சொன்னார்கள். அன்புமணிதான் எல்லாவற்றையும் முன்னால் நின்று பார்த்துக்கொண்டான். கம்பெனிக்காரர்களிடம் பேசுவது, அக்காவுக்கு ஆட்டோ பிடிப்பது, சாவு வீட்டுக்கு அக்கா இனிமேல் வராது என்று ஆட்களைத் திருப்பி அனுப்புவது எல்லாம் அவன்தான். எனக்கு அவனைப் பிடிக்கும். என்னை 'அண்ணாத்த' என்றுதான் கூப்பிடுவான். அவனிடம் எனக்குப் பகை இருந்தது என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பயிற்சி முடிந்து மகிழினி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"இன்னாண்ணா, மூஞ்சி ஒரு மாதிரி கீது? புதுப் பாட்டு நல்லா இல்லியா?"

நல்லாத்தான் இருக்கு, ஆனால் உங்கப்பாவுக்குப் பாடினது மாதிரி வரவில்லை என்றேன். அவள் சிரித்தாள்.

"அது இன்னொரு தபா வராதுண்ணா. அப்டி பாடணும்னா எங்கூட்ல இன்னொரு தபா யாராச்சும் சாவணும்."

விளையாட்டாகத்தான் சொன்னாள். நான் அவளைக் குறை சொல்லவில்லை. ஆனால் அது எனக்குத் தானாகத் தோன்றிய யோசனை இல்லை என்பதையும் நீங்கள் கவனிக்க வேண்டும். அன்றைக்கு வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு போனேன். அவள் சொன்னது சரி. ஒரு பாடகிக்குத் தன் குரல் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்திருக்கிறது. கூட இருப்பவர்கள்தான் மறக்கடிக்கிறார்கள்.

அவள் வீட்டில் அம்மா பட்டம்மாளும் தம்பியும்தான் மிச்சம். அம்மாவுக்குச் சர்க்கரை, காலில் புண். வயதானவர்கள் விஷயத்தில் பிள்ளைகள் மனதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தயார் செய்துகொண்டே வருவார்கள். பாட்டும் அப்படித்தான் வரும், தயார் செய்த மாதிரி. அது எனக்கு வேண்டாம் என்று பட்டது.

வழக்கமாக அவர்கள் பயிற்சி செய்வது ஐந்தாம் நம்பர் குடோனில். மூன்றாம் நம்பரில் பின்பாதி முழுக்கக் கோதுமை. சனிக்கிழமை ரஷீது அதில் மருந்து வைத்துப் பலகையை மாட்டிவிட்டுப் போனார். மறுநாள் நான் சீக்கிரமே போய்ப் பலகையைக் கழற்றி ஐந்தாம் நம்பர் கதவில் மாட்டினேன். வேறு எதுவும் செய்யவில்லை. ஒரு பலகையை ஒரு ஆணியிலிருந்து எடுத்து இன்னொரு ஆணியில் மாட்டினேன், அவ்வளவுதான்.

அன்புமணி எப்போதும் முன்னாலேயே வந்து ஸ்பீக்கர் வைத்து, டோலக்கை இழுத்துக் கட்டித் தட்டிப் பார்ப்பான். அன்றைக்கும் வந்து சாவி வாங்கினான். ஐந்தில் மருந்து வைத்திருக்கிறது, இன்றைக்கு மூன்றில் வைத்துக்கொள் என்றேன். மகிழினிக்குப் போன் செய்து, வருகிற வழியில் எல்லோருக்கும் பஜ்ஜி வாங்கிக்கொண்டு வரச் சொன்னேன். அவள் தாமதமாக வர வேண்டும். அவளுக்கு ஒரு கீறல்கூட விழக்கூடாது என்பதில் நான் கவனமாக இருந்தேன்.

கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து அன்புமணி போன் செய்தான்.

"அண்ணாத்த, உள்ள ஒரே கப்பு. பூண்டு அழுவுன மாறி கீது."

"பக்கத்துக் கம்பெனிக்காரன் எதையாச்சும் தொறந்து வுட்டுருப்பான்."

"அதான பாத்தேன். தெனம் கீற கதைதான்," என்று சொல்லிச் சிரித்துவிட்டு வைத்துவிட்டான்.

வேறு ஊர்க்காரனாக இருந்தால் வெளியே ஓடி வந்திருப்பான். எண்ணூர்க் காற்றிலும் மணலிக் காற்றிலும் வளர்ந்தவனுக்கு நாற்றம் ஒரு எச்சரிக்கையே இல்லை. இங்கே குழந்தைகளுக்குக்கூட வாடையை வைத்து எந்தக் கம்பெனி என்று சொல்லத் தெரியும். ஒருவரும் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடுவதில்லை, ஓடினால் எங்கே போவது? அவன் வழக்கம்போலக் கதவைச் சாத்திக்கொண்டான். டோலக்குச் சத்தம் வந்தது. பிறகு நிதானம் தப்பி வந்தது. அப்புறம் வரவில்லை. அன்புமணியைக் கொன்றது நான்தான், ரஷீது இல்லை.

மகிழினி பஜ்ஜிப் பொட்டலத்தோடு வந்தபோது நான் வாசலில் நின்றிருந்தேன். கூப்பிட்டும் தம்பி குரல் கொடுக்கவில்லை என்று உள்ளே ஓடப் பார்த்தாள். இரண்டு கையாலும் அவளைப் பிடித்துக்கொண்டேன். அவள் என் முகத்தில் அறைந்தாள், கையைக் கடித்தாள். நான் விடவில்லை. இதோ, தழும்பு இன்னும் இருக்கிறது. பிறகு ஆஸ்பத்திரியில் என்னிடம், "நீ மட்டும் புட்ச்சிருக்கலன்னா நானும் பூட்ருப்பேண்ணா" என்று சொன்னாள். என் வாழ்க்கையில் யாரும் எனக்கு அவ்வளவு நன்றி சொன்னதில்லை.

கதவு மாற்றிப் பலகையை மாட்டிவிட்டான் என்று எல்லோரும் ரஷீதைச் சொன்னார்கள், நீங்களும் அவரைப் பிடித்து உள்ளே வைத்தீர்கள். முதல் நாள் மறுத்தார். அப்புறம் நோன்புக் களைப்பில் தானே மாற்றி மாட்டியிருக்கலாம் என்று அவரே நம்ப ஆரம்பித்துவிட்டார். நல்ல மனிதர்களிடம் இது ஒரு தொந்தரவு.

சாவன்றைக்கு ஊரே வந்திருந்தது. அவளோடு பாடுகிற கூட்டாளிகள் வியாசர்பாடியிலிருந்தும் புளியந்தோப்பிலிருந்தும் வந்து டோலக்கைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார்கள். அவள்தான் தொடங்க வேண்டும் என்று காத்திருந்தார்கள். நான் போனைக் கையில் எடுத்துக்கொண்டு ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றேன். முந்தின இரவே சார்ஜ் போட்டு, இடம் காலி செய்து வைத்திருந்தேன்.

அவள் பாடவில்லை. மதியமாகிவிட்டது. பட்டம்மாள் மகளைப் பிடித்து உலுக்கினார். "ஒன் தம்பிக்கு ஒரு வார்த்த பாடி அனுப்புடி. வாய மூடிகினு அனுப்பாத." மகிழினி வாயைத் திறந்தாள். காற்றுத்தான் வந்தது. சுற்றிலும் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"வேலண்ணா, அப்பாக்கு பாடுனத நீ வச்சினுகீறல்ல? அத போடு. எனக்கு வர்ல."

நான் யாருக்கும் கொடுக்காத பதிவு அது. ஸ்பீக்கரில் மாட்டிப் போட்டேன். 'எங்கப்பன் தூங்குறான்' என்று பழைய மகிழினி பாட, அன்புமணியைத் தூக்கிக்கொண்டு போனார்கள். தெருவே அழுதது. எனக்கு அழுகை வரவில்லை. அந்தச் சறுக்கல் அதே இடத்தில், அதே மாதிரி வந்தது. புதிதாக ஒன்றும் இல்லை. இப்போது அது தெரு முழுக்க எல்லோர் போனிலும் இருக்கிறது. எனக்கு என்று இருந்த ஒன்றும் போயிற்று.

நான் காத்திருந்தேன் மேடம். துக்கம் ஆறினால் குரல் வரும் என்று நினைத்தேன். காரியத்துக்குப் போனேன், காய்கறி வாங்கிக் கொடுத்தேன், பட்டம்மாள் காலுக்குக் கட்டுப் போட ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். மகிழினி கம்பெனிக்காரர்களை அனுப்பிவிட்டாள். இறால் உரிக்கிற ஷெட்டுக்கு வேலைக்குப் போகிறாள். அங்கே மற்ற பெண்கள் ரேடியோவோடு சேர்ந்து பாடினால் எழுந்து வெளியே போய்விடுகிறாளாம். பேசுகிற குரலே தேய்ந்துவிட்டது.

போன வாரம் அவள் ரஷீதின் வீட்டுக்குப் போனாள். நான்தான் துணைக்குப் போனேன். ரஷீதின் மனைவி மரியம் கதவுக்குப் பின்னால் நின்று அழுதாள். மகிழினி அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "பாய் மேல ஒண்ணும் தப்பு இல்லக்கா. எங்க தலையெழுத்து" என்றாள்.

அங்கேதான் எனக்கு விஷயம் புரிந்தது. அவள் இதை விபத்து என்று நினைக்கிறாள். தலையெழுத்தைப் பார்த்து எப்படிப் பாடுவது? அதற்கு முகம் இல்லை, பெயர் இல்லை. ஒரு ஆள் வேண்டும். கைநீட்டிக் கேள்வி கேட்க, நாசமாய்ப் போ என்று சபிக்க ஓர் ஆள். அது இல்லாமல்தான் பாட்டு அவள் தொண்டையில் அடைத்துக்கொண்டு நிற்கிறது.

அதனால்தான் நானாக வந்தேன். எனக்கு என்ன தண்டனை என்று நான் உங்களைக் கேட்கவே இல்லை, கவனித்தீர்களா? ரஷீதையும் விட்டுவிடுவீர்கள், அது ஒரு நல்லது. அவள் என்னைத் திட்டிப் பாடட்டும். என் பெயரைப் போட்டே பாடட்டும். இத்தனை வருடம் இத்தனை பேரைக் கேட்டிருக்கிறேன், ஒருவர் பாட்டிலும் என் பெயர் வந்ததில்லை.

ஒரே ஒரு உதவி. அவளிடம் போனில் சொல்லாதீர்கள், நேரில் போய்ச் சொல்லுங்கள். பட்டம்மாளும் பக்கத்தில் இருந்தால் நல்லது. சொல்வதற்கு முன்னாலேயே உங்கள் போனில் ரெக்கார்டைப் போட்டுக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள் மேடம். பையில் வைத்தால் துணி உரசும்.