துணைக்குப் போனவள்

ஹிந்தி தெரியாத பெண்ணுக்கு ஆகுர்டியில் காய் வாங்கக்கூட ஒரு துணை வேண்டும். அகல்யாவுக்கு அந்தத் துணை நான்தான். சங்கரன்கோவிலிலிருந்து கல்யாணமாகி வந்தபோது அவளுக்குத் தமிழைத் தவிர வேறொன்றும் தெரியாது. அவள் புருஷன் நிர்மல் எங்கள் மாடியில் குடியிருக்கும் பையன், கார் கம்பெனியில் வேலை. இந்த வரனைப் பார்த்து முடித்ததே நான். இதையும் எழுதிக்கொள்ளுங்கள் இன்ஸ்பெக்டர் சார், மறைக்க ஒன்றுமில்லை.

முதலில் அவள் மணிக்கட்டு வீங்கியபோது ஆஸ்பத்திரிக்குப் போனோம். அந்த டாக்டரம்மா கெட்டிக்காரர். நிர்மலை வெளியே உட்காரச் சொல்லிக் கதவைச் சாத்தினார். வீட்டில் யாராவது அடிக்கிறார்களா என்று கேட்டு, அவள் சொல்வதை அப்படியே சொல்லுங்கள் என்றார் என்னிடம்.

நான் கேட்டேன். அகல்யா என் புடவையைப் பிடித்துக்கொண்டாள்.

"அவுகதான் கையப் புடிச்சு முறுக்குனாக அக்கா. என்னைய அம்மாட்ட அனுப்பிரச் சொல்லுங்க."

குளியலறையில் வழுக்கி விழுந்தாளாம் என்று ஹிந்தியில் சொன்னேன். டாக்டர் என்ன சொன்னார் என்று அகல்யா கேட்டாள். "கொஞ்சம் அனுசரிச்சுப் போகச் சொல்றாங்கம்மா" என்றேன். அவள் தலையாட்டினாள். டாக்டரே சொல்லிவிட்டாரே என்று நினைத்திருப்பாள்.

நான் வேறென்ன செய்வது? செய்துவைத்த கல்யாணம் வருஷத்துக்குள் முறிந்தால், இங்கே நம்மவர்களில் யார் என்னை நம்பி ஜாதகம் கொடுப்பார்கள்?

அடுத்த தடவை உதட்டில் தையல். மாடிப்படி என்றேன். வீட்டுக்கு வந்ததும் நிர்மலைக் கண்டித்தேன். "முகத்துல வேண்டாம்ப்பா, நாலு பேர் பாக்கறாங்க." பெரியவர்கள் சொன்னால் கேட்கிற பையன். அதற்கப்புறம் முகத்தில் ஒரு கீறல்கூட இல்லை.

போன வாரம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படியிறங்கி வந்தாள். உதைத்ததாகச் சொன்னாள். அன்று வேறு டாக்டர், சின்ன வயசு. வயிற்றில் அடிபட்டதா, பட்டிருந்தால் உடனே ஸ்கேன் எடுக்க வேண்டும் என்றார். மாதாமாதம் வருகிற வலிதான் என்றேன். மாத்திரை எழுதிக் கொடுத்தார். நிர்மல் ஷிஃப்டுக்குப் போயிருந்தான், மாத்திரையை நானே வெந்நீரோடு கொடுத்தேன். உள்ளே ரத்தம் கசிந்துகொண்டிருந்ததாம். மறுநாள் மத்தியானம் போய்விட்டாள். எனக்கு அழுகை வரவில்லை, இப்போதும் வரவில்லை.

வெளியே அவள் அம்மா வந்து உட்கார்ந்திருக்கிறாராம். அவருக்கும் தமிழ் மட்டும்தான். உள்ளே கூப்பிடுங்கள் சார், நீங்கள் கேட்பதை நானே எடுத்துச் சொல்கிறேன். பாவம், இந்த ஊரில் அவருக்கும் என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்?