டீமேக்கர் நாக்கு

கந்தப்பன்: ...அய்யய்யோ, துப்பிட்டீங்களே ஐயா. அது விஸ்கி.

பொன்னையா: விஸ்கியா இருந்தா என்ன? டீமேக்கர் நாக்குல எது பட்டாலும் துப்பித்தான் ஆகணும். முழுங்கினா ருசி தெரியாது, போதைதான் தெரியும்.

கந்தப்பன்: தொரை அதை மருந்து மாதிரி அளந்து குடிக்கிறாரு. நீங்க குசினி வாளியில...

பொன்னையா: உறிஞ்சணும், நாக்குல உருட்டணும், துப்பணும். மீசை மொளைச்ச நாள்ல இருந்து பேக்டரித் தேயிலையை இப்படித்தான் ருசி பாக்குறேன். அதைப் பாத்துத்தானே தொரை கேட்டாரு... "பொன்னையா, ராத்திரி விருந்துக்கு வா. என் விஸ்கில எவனோ கை வச்சிருக்கான். ருசி பாத்துச் சொல்லு"ன்னு. சுதந்திரம் வந்து இப்பத்தான் நம்ம நாக்குக்கு மரியாதை வந்திருக்கு.

கந்தப்பன்: உங்க நாக்குக்கு மரியாதை. என் வேலைக்கு உலை. பங்களாவுல சமைச்சுப் பரிமாறுற அப்பு நான்தானே? போத்தல்ல குத்தம்னா தொரை என் கழுத்தைத்தான் புடிப்பாரு. பொண்டாட்டி புள்ளையோட தோட்டத்தை விட்டே வெரட்டிருவாரு.

பொன்னையா: நீ கை வச்சியா?

கந்தப்பன்: சாமி சத்தியமா இல்லைங்க.

பொன்னையா: அப்பறம் எதுக்குப் பயம்? காலங்காத்தால ஆளைக் கூப்பிட்டு எதுக்கு இந்த ஒத்திகை?

கந்தப்பன்: விஸ்கி பழகாத நாக்கு... தப்பாப் போயிறக் கூடாதுன்னுதான்...

பொன்னையா: பழகாத நாக்கா? நுவரெலியா கிளப்புல வீரய்யா இருக்கான் பாரு, பட்லரு. காலி கிளாஸையெல்லாம் எனக்காக எடுத்து வைப்பான். அடியில நிக்கிறதை மோந்தே பேரு சொல்லுவேன்.

கந்தப்பன்: சரிங்க... இப்பத் துப்பினது எப்படி?

பொன்னையா: பொகை. சுத்தப் பொகை. தேயிலை காயிற டிரையர்ல ஓட்டை விழுந்தா வருமே, அதே பொகை. அடுப்புக்காரன் தூங்கிட்டான். கொட்டு இதை.

கந்தப்பன்: ஐயா, அதுதாங்க அசல். தொரை நேத்து தன் கையால சீலு ஒடச்சது. சீமையில அந்தப் பொகைக்குத்தான் வெலை.

பொன்னையா: பொகைக்கு வெலையா? போன மாசம் தேயிலையில லேசாப் பொகை அடிச்சதுக்கு என்னை நாய வெரட்டுற மாதிரி வெரட்டினாரே.

கந்தப்பன்: தேயிலையில அடிச்சா குத்தம். விஸ்கில அடிச்சா கௌரவம். அவங்க பேசிக்கிறதைக் கேக்கணுமே... ஈரமண்ணு வாசமாம், பழைய தோல்பை வாசமாம், தாரு வாசமாம். கண்ணை மூடிக்கிட்டு ரசிப்பாங்க.

பொன்னையா: நாம குடியிருக்கிற லயத்து வீட்டுல வருசம் பூரா அந்த வாசந்தான். நமக்குத்தான் ரசிக்கத் தெரியலை.

கந்தப்பன்: ராத்திரி பொகைன்னு வாயைத் தொறந்துறாதீங்க. இப்ப இந்த ரெண்டாவது போத்தலைப் பாருங்க, தொரை சந்தேகப்படுறது இதைத்தான்.

பொன்னையா: ம்... ம்... இதுல்ல சரக்கு. நெறம் புதுச் செப்புக்காசு. நடுநாக்குல கனம்... ஓரத்துல ஒரு சுறுசுறுப்பு...

கந்தப்பன்: அப்பாடா.

பொன்னையா: ஏன் அப்பாடா?

கந்தப்பன்: சும்மாதாங்க. துப்புங்க, போதும்.

பொன்னையா: இரு, இன்னொரு மடக்கு... கந்தப்பா.

கந்தப்பன்: ஐயா...

பொன்னையா: இது சாராயம். அதுல நெறத்துக்குத் தேத்தண்ணி. சாமி சத்தியம்னியே.

கந்தப்பன்: எந்தச் சாமின்னு சொல்லலீங்களே... குளிருக்குக் கொஞ்சங் கொஞ்சமா எடுத்தேங்க. கொறைஞ்சதை நெரப்ப வேணாமா?

பொன்னையா: தொரைக்கே தெரியலையா இது?

கந்தப்பன்: அவரு லேபிளைப் பாத்து ருசிக்கிறவருங்க. ஏதோ சந்தேகம், அவ்வளவுதான்.

பொன்னையா: அதுவும் லயத்துக்குக் குடுக்கிற தூளு இல்லை இது. ஏழாம் நம்பர் மலைக் கொழுந்து. கொழும்பு ஏலத்துக்குப் போற மொதல் தரம். என் நாக்கு பொய் சொல்லாது. பேக்டரிக்குள்ள பூந்து திருடியிருக்க.

கந்தப்பன்: ஐயா, மெதுவா...

பொன்னையா: விஸ்கியத் தொட்டதைக்கூட மன்னிப்பேன். என் தேயிலையத் தொட்டதை மன்னிக்க மாட்டேன். இப்பவே தொரைகிட்டப் போறேன். நகரு.

கந்தப்பன்: போங்க ஐயா, தாராளமாப் போங்க. ஆனா பேக்டரிப் பக்கமே நான் எட்டிப் பாத்ததில்லை. உங்க வீட்டு அடுப்படிப் பரண்ல ஒரு தகரம் இருக்காமே... அதுல இருந்து உங்க சம்சாரம் சண்முகவடிவம்மாதான் அள்ளிக் குடுத்தாங்க.

பொன்னையா: எந்தத் தகரம்?

கந்தப்பன்: நீங்க சாயங்காலமா சட்டைக்குள்ள வச்சுக் கொண்டாந்து ரொப்புற தகரம்னாங்க. சும்மா ஒண்ணும் வாங்கலை. தொரை வீட்டு வெண்ணெய் குடுத்துத்தான் மாத்திக்கிட்டேன்.

பொன்னையா: மொதல்ல அந்தக் கதவைச் சாத்து.

கந்தப்பன்: ஐயா... ராத்திரி என்ன சொல்லப்போறீங்க?

பொன்னையா: என்னத்தைச் சொல்றது... ரெண்டும் அசல் சீமைச் சரக்குன்னுதான். அது கெடக்கட்டும்... போன வாரம் குடுத்த வெண்ணெய்ல லேசா சிக்கு வாடை அடிச்சுச்சு. இந்த வாரம் மோந்து பாத்துக் குடு.