குழியில் யாரும் இல்லை

என் கண் பார்வையில் ஒரு குறையும் இல்லை இன்ஸ்பெக்டர் சார். ஐம்பத்திரண்டு வயதாகிறது, இன்னும் கண்ணாடி போடவில்லை. தர்மராஜுக்கு வயதாகிவிட்டது, குழியில் ஆள் நின்றது தெரியவில்லை என்று சுரங்க ஆபீஸில் எழுதிக் கொடுத்தார்களாம். அதைப் படிக்கும்போதே உங்கள் முகத்தில் சந்தேகம் தெரிகிறது. சந்தேகம் சரிதான்.

அரியலூர்ப் பக்கத்துச் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் இருபத்திரண்டு வருடமாக நான் கொடிக்காரன். வெடிக்கு முன்னால் சங்கு ஊதும். அதற்கெல்லாம் எங்கள் ஆட்கள் அவசரப்பட மாட்டார்கள். குழி விளிம்பில் என் சிவப்புக்கொடி நிற்கிறவரை வெடிக்காது என்று அவர்களுக்குத் தெரியும். நான் பார்த்து, பச்சைக்கொடி காட்டி, வாக்கிடாக்கியில் சொன்னால்தான் வெடிக்காரர் பட்டனை அழுத்துவார். ஓர் உயிர்கூடப் போனதில்லை.

அறிவரசன் சார் எங்கள் சுரங்கத்துக்கு வேலைக்கு வந்த, பாறைகளைப் பற்றிப் படித்த இளைஞர். நத்தை மாதிரிச் சுருண்ட கல்லைப் பெயர்த்துக் காட்டுவார். பத்துக் கோடி வருடத்துக்கு முன்னால் இங்கே கடலாம். அது வந்ததிலும் வற்றியதிலும் ஒரு நோக்கமும் இல்லையாம். மனிதன் தானாக எடுக்கிற முடிவுக்கு மட்டும்தான் அர்த்தம் என்பார். எனக்கு அது பிடித்திருந்தது. அப்படியானால் இத்தனை வருடம் நான் உயிர்களைக் காத்ததற்கு அர்த்தம் உண்டுதானே என்று டீக்கடையில் கேட்டேன்.

“அது உங்க முடிவாண்ணே? வெடிக்க விடலாமா வேணாமான்னு என்னைக்காவது யோசிச்சிருக்கீங்களா? கொடி கட்டுன கம்பமும் அதத்தாண்ணே செய்யுது.”

“கம்பத்தண்ணே, டீ ஆறுது” என்றான் லாரி ஓட்டும் வேம்பு. மறுநாளிலிருந்து சுரங்கமே என்னை அப்படித்தான் கூப்பிட்டது. நானும் சிரித்தேன்.

யோசித்துப் பார்த்தால் அவர் சொன்னது நியாயம். கெடுதல் செய்ய முடிந்தவன் செய்யாமல் இருந்தால்தான் அது நல்லது. என்னால் முடியுமா என்று ஒரு தடவையாவது தெரிய வேண்டாமா?

போன வியாழக்கிழமை சங்கு ஊதிய பிறகும் அறிவரசன் சார் குழியில் குத்தவைத்து ஒரு கல்லைத் தட்டிக்கொண்டிருந்தார்.

“கொடிய மாத்திடாதீங்கண்ணே, ரெண்டே நிமிஷம்” என்றார்.

சரி என்று கையை உயர்த்திக் காட்டினேன். அவர் திரும்பிக்கொண்டார். பிறகு பச்சைக்கொடியை எடுத்தேன். “குழியில யாரும் இல்ல” என்றேன். வெடிக்காரர் பட்டனை அழுத்தினார். யாரும் சொல்லாமல் நானே எடுத்த முதல் முடிவு அது. முடிவு என்னுடையது என்றால் பழியும் என்னுடையதுதானே. அதனால்தான் மறைக்காமல் சொல்கிறேன்.

கோபத்தில் செய்ததாக மட்டும் எழுதிவிடாதீர்கள். அவர் திரும்பிக்கொண்ட நேரத்தில், பக்கத்தில் மேய்த்துக்கொண்டிருந்த பூமாலையக்காவின் ஆடுகள் குழிச் சரிவில் இறங்கிவிட்டன. விசிலடித்து ஒவ்வொன்றாக மேலே ஏற்றினேன். ஒரு குட்டி மட்டும் வராமல் நின்றது. அதுவும் ஏறி வந்து தாயிடம் சேர்கிறவரை சிவப்புக்கொடியைப் பிடித்துக் காத்திருந்தேன். அதன் பிறகுதான் பச்சை.

கோபக்காரனுக்கு அவ்வளவு பொறுமை இருக்குமா சார்?