ஒப்பீட்டுக்கு ஒரு தங்கை

எனக்குக் கதை சொல்ல வராது. விருந்துகளில் ஒரு துணுக்குச் சொன்னால்கூட எதிரே இருப்பவர்கள் தட்டைப் பார்க்கத் தொடங்கிவிடுவார்கள். ஆனாலும் என் பிழைப்பு ஒரே ஒரு கதையைத் திரும்பத் திரும்பச் சொல்வதுதான். விசாரணைக் குழுவில் எங்கள் துறையைச் சேராதவர்களும் இருக்கிறீர்கள். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

ஒரு பெண் பேருந்தில் குடையை மறந்துவிட்டு இறங்கிப் போகிறாள். நடத்துனர் பார்க்கிறார். கைப்பிடியில் முகவரிச் சீட்டு ஒட்டியிருக்கிறது. வேலை முடிந்ததும் அந்த வீட்டைத் தேடிப் போய்க் கொடுக்கிறார். அவள் தேநீர் தருகிறாள். இவ்வளவுதான் கதை. கேட்டவர் கொஞ்ச நேரம் வேறு ஏதாவது செய்துவிட்டு இதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். எது நிற்கிறது, எது உதிர்கிறது என்று நான் குறித்துக்கொள்வேன். மனநோய் என்றால் எல்லோரும் அழுகையையும் ஆவேசத்தையும்தான் பார்ப்பார்கள். யோசிக்கும் திறன் என்ன ஆகிறது என்று பார்ப்பது என் வேலை.

மனச்சிதைவு வரப்போகிறவர்களுக்கு, நோய் வெளியே தெரிவதற்கு வெகு முன்பே அந்தத் திறன் தேய ஆரம்பித்துவிடுகிறது என்பது என் கட்சி. மிதமிஞ்சிய உற்சாகமும் சோர்வும் மாறி மாறி வரும் இருமுனைக் கோளாறில் அப்படியில்லை, அங்கே சேதமெல்லாம் பின்னால் வருவது என்றேன். எங்கள் துறைத்தலைவர் சிரித்தார். நாங்கள் அவரைப் பெரியவர் என்போம், மரியாதையால் அல்ல. “ரெண்டும் ஒரே குட்டையில ஊறின மட்டைய்யா. இல்லேன்னு காட்டணும்னா நோய் வர்றதுக்கு முன்னாடியே ஆளப் பிடிக்கணும். யாரு வருவா உங்கிட்ட?” என்று எல்லோர் முன்னாலும் கேட்டார். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் செய்கிற துறை எங்களுடையது. விருதெல்லாம் அவருக்குத்தான் போயிற்று.

அந்தக் குடும்பம் இந்தச் சமயத்தில்தான் வந்தது. அண்ணன் அச்சகத்தில் இருந்தவன். மனச்சிதைவு வந்து, மருந்தால் ஓரளவு தேறி, வீட்டோடு இருந்தான். தங்கை மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தாள். அம்மா தையல் வேலைக்குப் போய்விடுவார், அதனால் அண்ணனுக்கு வேளாவேளைக்கு மாத்திரை கொடுப்பது தங்கையின் பொறுப்பு. நோயாளியின் உடன்பிறந்தவர்களை ஒப்பீட்டுக்காகச் சேர்ப்பது எங்கள் வழக்கம். அவர்களை நாங்கள் ‘நார்மல்’ என்போம். அவள் எங்கள் நார்மல்.

முதல் வருடம் கதையை ஒரு சொல் விடாமல் ஒப்பித்தாள். ஒப்பித்துவிட்டு, “அந்த கண்டக்டருக்கு வீட்டுல வேற வேலையே இல்லையா சார்?” என்றாள். நான் சிரித்துவிட்டேன். அந்தக் கட்டடத்தில் என்னைச் சிரிக்க வைத்தவர்கள் மிகக் குறைவு. அடுத்த வருடம் தேநீரையும் இன்னும் ஒன்றிரண்டையும் விட்டாள். கடையில் வேலை அதிகம், அசதி என்றாள். நானும் அசதி என்றே எழுதினேன். அப்போது அதை நம்பினேன் என்றுதான் நினைக்கிறேன்.

மூன்றாம் வருடம் முகவரிச் சீட்டு போயிருந்தது. நடத்துனர் இருந்தார், குடை இருந்தது, வீடும் இருந்தது. பாதியில் நிறுத்தினாள்.

“அவனுக்கு அவ வீடு எப்படி சார் தெரிஞ்சுது?”

ஒரு வரி உதிர்ந்த இடத்தில் சந்தேகம் முளைத்திருந்தது. பெரியவர் ஆயுள் முழுக்கப் பார்க்காத ஒன்று என் மேசைக்கு எதிரே உட்கார்ந்து நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது, அதை மறைப்பானேன். வருடத்துக்கு ஒருமுறை போதாது என்று தோன்றியதால் அதன் பிறகு அவளை மாதாமாதம் வரச் சொன்னேன்.

சொல்லியிருக்கலாமே என்பீர்கள். ஒப்பீட்டுக் குழுவில் இருப்பவர்களுக்கு மதிப்பெண்ணைச் சொல்லும் வழக்கம் இல்லை. ஓர் ஆளின் மதிப்பெண்ணை வைத்து நோய் வருமென்று அறுதியிட்டுச் சொல்லவும் முடியாது. சொல்லி, அது பொய்யாய்ப் போனால்? கல்யாணம் ஆகாத பெண். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? மருந்து தொடங்கினால், அவள் மதிப்பெண்களை வைத்து நான் வரைந்துவந்த கோடு கலைந்துவிடும் என்பதும் உண்மைதான். ஆனால் அதை நான் கடைசிக் காரணமாகத்தான் வைத்திருந்தேன்.

எங்கள் பிரிவின் சமூகப் பணியாளர் ஒருநாள் என் அறைக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டார். “சார், அந்தப் பொண்ணு சரியில்ல. வெளிநோயாளர் பிரிவுல காட்டிடலாம்” என்றார். பார்க்கலாம் என்றேன். அடுத்த வாரம் இருமுனைக் குடும்பங்களைப் பார்க்கும் வேலைக்கு, பின்கட்டடத்துக்கு அவரை மாற்றினேன். உங்களுக்குப் புகார் எழுதியவர் அவர்தான் என்று தெரியும். பதவி உயர்வு கிடைக்காத ஆத்திரம் என்று சிலர் பேசிக்கொள்கிறார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன்.

அம்மா என்னை நடைபாதையில் மறித்தார். பெண் சரியாகத் தூங்குவதில்லை, கடையில் ஒருவர் கண்ணாடியை இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டாள், யாரோ பின்னால் வருகிறார்கள் என்று வேறு தெருவைச் சுற்றிக்கொண்டு வருகிறாள் என்றார். கையில் ஊசி குத்திய தழும்புகள் இருந்தன. அந்தக் கையால் என் சட்டையைத் தொட்டார்.

“பெரியவனுக்கு வந்ததுதான் இவளுக்கும் வருதா டாக்டர்? மறைக்காம சொல்லிடுங்க. வேற டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகட்டுமா?”

“வேண்டாம்மா. மாசாமாசம் நான் பாக்கறேன்ல? நல்லா இருக்கா. ஒரு பிள்ளைக்கு வந்தா அடுத்த பிள்ளை தும்மினாலும் பயமாத்தான் இருக்கும்.”

அவர் அழுதார். நிம்மதியில் அழுதார். அன்று அவர் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்கியிருப்பார். அதையும் நீங்கள் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

கடைசியாக வந்தபோது தங்கை கதையைச் சொல்ல மறுத்தாள். நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு குரலைத் தாழ்த்தினாள். “மாத்திரை நிறம் மாறிடுச்சு சார். அண்ணனுக்கு யாரோ விஷம் வைக்கறாங்க. நான் குடுக்கறதையே நிறுத்திட்டேன். அம்மாவுக்குக்கூடத் தெரியாது. உங்ககிட்ட மட்டும்தான் சொல்றேன்.”

என்னை நம்பினாள். யாரையும் நம்ப முடியாமல் போய்க்கொண்டிருந்த பெண், என் ஒருவனை நம்பினாள். அது எனக்கு எப்படி இருந்தது என்பதை உங்கள் படிவத்தில் எந்தக் கட்டத்தில் எழுதுவது?

“சரிம்மா. இப்ப கதையைச் சொல்லு,” என்றேன்.

அண்ணனுக்கு மருத்துவம் பார்த்தவன் நான் இல்லை. அவனைப் பார்க்க வெளிநோயாளர் பிரிவு இருக்கிறது, அங்கே சம்பளம் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். நான் தொலைபேசியை எடுத்திருந்தால் மாத்திரை ஏன் நின்றது என்று கேட்டிருப்பார்கள். தங்கையையும் பார்த்திருப்பார்கள். அவளை அன்றே சேர்த்திருப்பார்கள். எனக்கு இன்னும் ஒரு மாதம் வேண்டியிருந்தது.

அந்த மாதம் முடிவதற்குள் அண்ணன் ஆற்றில் போய்விட்டான். மழைக்காலம், தண்ணீர் இழுவை அதிகம். எங்கள் பதிவில் அப்படிப்பட்டவர்களுக்கு ‘ஆய்விலிருந்து விலகியவர்’ என்று பெயர். அந்தப் பெயரை வைத்தது நான் இல்லை. உடல் வந்த வீட்டில் தங்கை யாரையும் கிட்டே விடவில்லை, சடலம் அண்ணனுடையதே இல்லை என்றாளாம். மறுநாள் அவளைச் சேர்த்தார்கள். மனச்சிதைவு. என் கோடு முழுமையடைந்தது.

மாநாட்டில் அதைத் திரையில் காட்டினேன். மேலிருந்து கீழே இறங்கும் ஒற்றைக் கோடு, தொடக்கம் முதல் முடிவு வரை. பெரியவர் முன்வரிசையில் இருந்தார். முதலில் கைதட்டியவர் அவர்தான். இன்று உங்கள் குழுவுக்குத் தலைமை தாங்குகிறவரும் அன்று தட்டினார். ஒரு நார்மல் எப்படி இத்தனை மாதம் என் கண்ணெதிரே இறங்கியது என்று அன்று யாரும் கேட்கவில்லை.

எனக்கு எப்போது தெரிந்தது என்பது உங்கள் கேள்வி. உறுதியாக எப்போதுமே தெரியாது என்பதுதான் என் பதில். விஞ்ஞானி அவசரப்படக் கூடாது. இதையும் மீறி என்னை அலட்சியக்காரன் என்று யாராவது எழுத நினைத்தால், என் குணத்துக்குச் சாட்சியாக ஒரு சொந்த விஷயத்தைச் சொல்கிறேன். அதே வருடம் என் மகள் ஒரு மாதிரி இருந்தாள். அறைக்கதவைச் சாத்திக்கொண்டாள், சாப்பாட்டு மேசையில் பேச்சில்லை. ஒரு மாலையில் அவளிடம் குடைக் கதையைச் சொல்லி, சாப்பிட்ட பிறகு திருப்பிச் சொல்லச் சொன்னேன். மறுநாள் காலையில் விடுப்புப் போட்டுவிட்டு, எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த மனநல மருத்துவரிடம் அவளைக் கூட்டிப்போனேன். எல்லாப் பரிசோதனையும் முடியும்வரை வாசலிலேயே நின்றேன். பரீட்சைப் பயம்தான், வேறொன்றும் இல்லை. இப்போது நன்றாக இருக்கிறாள். இதற்குப் போய் இப்படிப் பதறலாமா என்று அந்த மருத்துவர்கூடக் கேலி செய்தார். அவள் கதையில் விட்டது ஒரே ஒரு வரிதான்.