காலியாக இருந்தால் மறைந்துவிடும்

கல்லில் மாவை ஊற்றினால், தோசையைத் திருப்பிப் போட ஒரு நிமிடம் இருக்கும். எனக்கு அது போதுமானதாக இருந்தது.

குளியலறையில் டேவிட் தண்ணீர் மொண்டு ஊற்றிக்கொள்ளும் சத்தம் கேட்டது. தலையைத் துவட்டியதும் நேராகக் கம்ப்யூட்டர் முன்னால்தான் உட்காருவான். அதற்குள் மவுஸைப் பிடித்தேன். அவனுடைய மெயிலில் ‘வெளிநாடு’ என்ற பெட்டிக்கு எதிரே இருந்த டிக் குறியை எடுத்தேன். அடுப்படிக்குத் திரும்பியபோது தோசை ஓரத்தில் லேசாகக் கருகியிருந்தது.

“முறுகலா நல்லாருக்கும்மா” என்று சாப்பிட்டான் என் பிள்ளை. 2008, ஜூன் மாதம்.

நீங்கள் விசாரணையில் கேட்டது இது இல்லை என்று தெரியும், மேடம். அதற்கும் வருகிறேன். இதைச் சொன்னால்தான் அது விளங்கும்.

சிதம்பரத்தில் ஒரு தனியார் கல்லூரியில் கம்ப்யூட்டர்களையும் மெயில் சர்வரையும் கவனித்துக்கொள்வது என் வேலை. தினமும் கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து பஸ்ஸில் போய்வருவேன். டேவிட் ராஜ் அங்கேதான் எம்.எஸ்ஸி. படித்தான். கல்லூரி கொடுத்த மெயில் முகவரியிலிருந்து வெளிநாடுகளுக்கு ஆராய்ச்சிப் படிப்புக்கு விண்ணப்பம் போட்டான்.

“மா, வெளிநாட்லேர்ந்து வர்ற மெயில்லாம் தனியா ஒரு எடத்துல வுழற மாதிரி செஞ்சி குடேன்” என்றான். செய்து கொடுத்தேன். அதில் விழுந்த முதல் கடிதம் நார்வேயிலிருந்து வந்தது. இடம் தயார், ஆகஸ்டில் வரவும் என்றிருந்தது. அவன் குளித்துக்கொண்டிருந்தான். நான் படித்தேன்.

டிக்கை எடுத்தால் பெட்டி அழியாது. சர்வரில் அப்படியே இருக்கும், கடிதங்கள் விழுந்துகொண்டே இருக்கும். எந்தெந்தப் பெட்டியைக் காட்டலாம் என்று சர்வரில் ஒரு பட்டியல் உண்டு. ஓரிடத்தில் டிக்கை எடுத்தால் அந்தப் பட்டியலிலிருந்து பெயர் போய்விடும். பிறகு பட்டியலைக் கேட்டு நடக்கிற எந்தக் கம்ப்யூட்டரிலும் அது தெரியாது.

“மா, அந்த வெளிநாட்டுப் பெட்டியக் காணமே?”

“காலியா இருந்தா சர்வரே எடுத்துடும்டா. மெயில் வந்தா தானா வந்து நிக்கும்.”

மெயில் விஷயத்தில் நான் சொன்னால் கல்லூரி முதல்வரே மறுபேச்சுப் பேசமாட்டார். இவன் பிள்ளை. நம்பினான். ஆனாலும் மறுநாள் சிதம்பரத்துக்கு வந்து லேபில் பார்த்தான். அங்கும் இல்லை. பழைய லேப்டாப் ஒன்று வைத்திருந்தான், அதிலும் பார்த்தான். இல்லை. மூன்று சாட்சிகள் ஒரே மாதிரி சொன்னால் யாருக்கும் சந்தேகம் வராது. மூவருக்கும் சொல்லிக்கொடுத்தது ஒரே ஆள் என்பது யாருக்கும் தோன்றாது.

அவன் சிநேகிதன் விஜயகுமார் கிண்டல் செய்வான். “இன்னா மச்சான், கோழிக் கூண்டயே பாத்துகினு ஒக்காந்தா முட்ட வந்துருமா?” டேவிட் சிரிப்பான். சிரித்துவிட்டு மறுபடியும் பார்ப்பான்.

நான் ஒரு கடிதத்தைக்கூட அழிக்கவில்லை. இதைத் தயவுசெய்து எழுதிக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமை மதியம் எல்லோரும் சாப்பிடப் போன பிறகு, ஆபீசில் அவன் பெட்டியைத் திறந்து படிப்பேன். என் பிள்ளையை இத்தனை பேர் கூப்பிடுகிறார்களே என்று பெருமையாக இருக்கும். யாரிடமும் சொல்லிக்கொள்ள முடியாத பெருமை.

என் வீட்டுக்காரர் இருதயசாமி 2004இல் மஸ்கட் போனார். ஒரு வருஷம் எழுதினார். பிறகு எழுதவில்லை. அவர் நலமாகத்தான் இருக்கிறார் என்று ஊருக்கு வருகிறவர்கள் சொல்வார்கள். அதனால் வெளிநாடு எப்படிப்பட்டது என்பது எனக்குத் தெரியும்.

ஒரு வருஷம் காத்திருந்துவிட்டு, “நம்மள யாரும் வேணான்னுட்டாங்கமா” என்று சொல்லி, செம்மங்குப்பத்தில் ஒரு கெமிக்கல் கம்பெனியில் சேர்ந்தான். மாலையில் கம்பெனி பஸ் வாசலில் நிற்கும் சத்தம் கேட்டால் காப்பிக்குப் பால் வைப்பேன். நல்ல நாட்கள்.

2010 பிப்ரவரியில் அங்கே ஒரு குழாயின் மூட்டு விட்டது. ஆசிட் முகத்தில் தெறித்து அவனுக்கு இரண்டு கண்களும் போயின. அந்தக் குழாயை நான் பொருத்தவில்லை.

அதன்பிறகு அவனுக்கு மெயில் படித்துக் காட்டுவது நான்தான். “இன்னிக்கி ஏதாச்சும் வந்துதாமா?” என்பான். “இல்லடா” என்பேன். போன வருஷம் நார்வே பேராசிரியர் மறுபடியும் எழுதினார். கண் போனதைக் கேள்விப்பட்டிருக்கிறார். பரவாயில்லை, எங்களிடம் பார்வையில்லாத மாணவர்கள் படிக்கிறார்கள், இடம் இன்னும் இருக்கிறது என்று எழுதியிருந்தார். அன்றைக்கு டேவிட்டுக்குப் பிடித்த இறால் தொக்கு செய்தேன்.

பிறகு, டிசம்பர் கடைசியில் ‘தானே’ புயல். கடலூரில் நிற்கிற கம்பம் ஒன்றுகூட இல்லை. கரண்ட் இல்லை, வீட்டுக் கம்ப்யூட்டர் இல்லை. மங்கலம்பேட்டையிலிருந்து பார்க்க வந்த விஜயகுமார் புதுசாக ஒரு போன் வாங்கியிருந்தான். “மெயில இதுலயே படிக்கிறேன் மச்சான்” என்று டேவிட்டின் பாஸ்வேர்டைப் போட்டான். சர்வர் சிதம்பரத்தில், கல்லூரி ஜெனரேட்டரில் ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் போன் பட்டியல் எதையும் கேட்கிற ஜாதி இல்லை. இருக்கிற பெட்டியையெல்லாம் காட்டிவிடும். நான் அதை யோசித்திருக்க வேண்டும்.

நான் அடுப்படியில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன்.

“மச்சான், வெளிநாடுன்னு ஒண்ணு கீதுடா. இருவத்திரண்டு மெயிலு.”

வந்தவை பதினொன்றுதான். விஜயகுமார் இருபத்திரண்டையும் உரக்கப் படித்தான். அரை மணி நேரம். நான் வெங்காயத்தை முடித்துவிட்டுத் தக்காளியை எடுத்தேன்.

டேவிட் கத்தவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு அடுப்படி வாசலில் வந்து நின்றான். “காலியா இருந்தாதானம்மா மறையும்?” என்று கேட்டான். அவ்வளவுதான். விஜயகுமார் தோளில் கைவைத்து, வாசலில் விழுந்துகிடந்த வேப்பமரத்தைத் தடவித் தடவித் தாண்டிப் போனான். திரும்பி வருவான் என்று கொஞ்சம் அரிசி கூடுதலாகப் போட்டு வடித்தேன்.

இப்போது நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். அவன் பெயரில் போன மற்ற பதினோரு மெயிலை யார் எழுதியது என்று கேட்டீர்கள். நான்தான். வந்த ஒவ்வொன்றுக்கும் படித்த அன்றே பதில் எழுதி, நகலை அதே பெட்டியில் வைத்தேன். “என் அம்மா தனியாக இருக்கிறார். அவரை விட்டு வர இயலாது. டேவிட் ராஜ்.” மற்றவர்கள் அதோடு விட்டுவிட்டார்கள். நார்வேக்காரர் மட்டும் கடைசிக் கடிதத்தில் இன்னொரு வரியும் எழுதியிருந்தார். அம்மாவுக்காகத்தான் தயங்குகிறீர்கள் என்றால் அவரையும் அழைத்து வாருங்கள், இருவருக்கும் வீடு தருகிறோம் என்று.

அதற்கும் அதே பதிலைத்தான் அனுப்பினேன்.

அதைப் பொய் என்று மட்டும் எழுதாதீர்கள், மேடம். நீங்களே வந்து பாருங்கள். நான் தனியாகத்தான் இருக்கிறேன்.